கால்விரலுக்கு இடம் கொடுங்கள்

தை மாதக் காலை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கொத்துரொட்டிக் கடை வாசல். வெளியே மைனஸ் ஒன்பது டிகிரி. உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் பையன்கள் நாலைந்து பேர் மின்சைக்கிள்களைச் சுவரில் சாய்த்துவிட்டு நிற்கிறார்கள். இடுப்புக்கு மேலே பார்த்தால் துருவத்துக்குப் புறப்பட்டவர்கள்: தடித்த ஜாக்கெட், குரங்குக் குல்லா, இரட்டைக் கையுறை. இடுப்புக்குக் கீழே கோடையில் வாங்கிய ஓட்டச் சப்பாத்து. ஒருவன் பலசரக்குக் கடைப் பையைக் காலில் சுற்றி, அதன்மேல் சப்பாத்தை மாட்டியிருக்கிறான். எல்லோரும் நின்ற இடத்திலேயே காலைத் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"கால் விறைச்சுப் போச்சு அண்ணை. எந்த பூட்ஸ் நல்ல சூடு?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். கனடாவில் என் முதல் குளிர்காலத்தில் நானும் இதையேதான் கேட்டேன். கடைக்காரர் ஒரு விலை உயர்ந்த சோடியை எடுத்துத் தந்தார். கொஞ்சம் பிடிக்கிறதே என்றேன். "தோல் இளகிவிடும், பூட்ஸ் காலோடு ஒட்டி இருந்தால்தான் சூடு" என்றார். நம்பி வாங்கினேன். முதல் வாரம் கால் குளிர்ந்தது. இரண்டாம் வாரம் தடித்த காலுறை இரண்டைப் போட்டு உள்ளே திணித்தேன். இன்னும் மோசமாகக் குளிர்ந்தது. பூட்ஸ் எதுவும் சூடு தருவதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. சூட்டைக் கொண்டுவருவது இரத்தம். அதைத் தப்பவிடாமல் வைத்திருப்பது காற்று. இரண்டுக்கும் உள்ளே இடம் வேண்டும்.

நடப்பவருக்கு இல்லாத குளிர்

உடம்பு குளிரும்போது மூளை முதலில் காப்பாற்றுவது இதயம், நுரையீரல், ஈரல் முதலிய உள்ளுறுப்புகளைத்தான். அதற்காகக் கை, கால் விரல்களுக்குப் போகும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரல்களில் தசை அதிகமில்லை. அங்கே சூடு உற்பத்தியாவதும் சொற்பம். இரத்தம் கொண்டுவரும் சூட்டை நம்பியே அவை இருக்கின்றன. வரத்து நின்றால் கால்வாயின் கடைமடை வயல் காய்வதுபோல, முதலில் விரல் நுனிதான் காயும்.

நடப்பவருக்கு ஒவ்வோர் அடியிலும் பாதம் வளைந்து நிமிர்கிறது, கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சைக்கிளில் பாதம் பெடல்மேல் பலகைபோல் கிடக்கிறது. வேலையெல்லாம் தொடைக்கு. போதாததற்கு, காற்றை நாமே உண்டாக்கிக்கொண்டு போகிறோம். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று வீசினால், கனடாவின் வானிலைக் கணக்குப்படி அது மைனஸ் 18 போல உறைக்கும். அந்தக் கணக்கு திறந்த முகத்துக்கு உரியது, பூட்ஸுக்குள் இருக்கும் காலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் பூட்ஸைச் சுற்றி இருக்கும் சூட்டைக் காற்று ஓயாமல் வழித்துக்கொண்டு போகும் என்பதில் மாற்றமில்லை.

மின்சைக்கிள் இதில் இரட்டை வஞ்சகம் செய்கிறது. வேகம் கூடுவதால் காற்றும் கூடுகிறது. மிதிக்கும் உழைப்பை மோட்டார் எடுத்துக்கொள்வதால் உடம்பில் அதிகச் சூடு பிறப்பதில்லை. எட்டு மணி நேரம் சாப்பாடு கொண்டுபோகும் பையனின் கால், மூச்சிரைக்க மலையேறும் சைக்கிள்காரரின் காலைவிட அதிகம் குளிர்வது இதனால்தான்.

இறுக்கம்

கம்பளியும் தின்சுலேட் போன்ற செயற்கைப் பஞ்சும் தாமாகச் சூடானவை அல்ல. அவற்றின் இழைகளுக்கு நடுவே அசையாமல் சிறைப்பட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. அழுத்திப் பிழிந்தால் காற்று போய்விடும், துணி மட்டும் மிஞ்சும். எனது இரண்டாவது காலுறை செய்த கெடுதல் அதுவே.

அதைவிடப் பெரிய கெடுதல் இரத்த ஓட்டத்துக்கு. பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து கணுக்கால் நோக்கி விரலை மெல்ல நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஓரிடத்தில் நாடித் துடிப்பு தட்டுப்படும். விரல்களுக்கு இரத்தம் போகும் முக்கியமான வழிகளில் அது ஒன்று. பூட்ஸின் நாடாவையோ பட்டியையோ நாம் இழுத்து இறுக்குவது சரியாக அந்த இடத்துக்கு மேலேதான்.

துருவப் பயணிகள் இந்தப் பாடத்தைக் காலைக் கொடுத்துப் படித்தார்கள். 1911 செப்டம்பரில் நோர்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் தென்துருவத்துக்கு அவசரப்பட்டுப் புறப்பட்டார். வெப்பநிலை மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே இறங்கியது. சிலருக்குக் குதிகால் உறைந்துபோக, குழு முகாமுக்குத் திரும்பியது. பனிச்சறுக்குக்காகச் செய்த அவர்களின் பூட்ஸ் விறைப்பானவை, உள்ளே இடம் போதாதவை. ஏற்கெனவே பிரித்துப் பெரிதாக்கியிருந்தவற்றை மறுபடியும் பிரித்தார்கள், இன்னும் பெரிதாக்கித் தைத்தார்கள். அந்த டிசம்பர் 14ஆம் தேதி துருவத்தில் நின்றவை அப்படிப் பெரிதாக்கிய பூட்ஸ்தான். செருப்புக்காகக் காலைத் தறிக்கலாமா என்று நம் ஊரில் கேட்பார்கள். அவர்கள் செருப்பைத் தறித்தார்கள்.

கடையில் செய்ய வேண்டியது

மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். குளிர்காலத்தில் போடப்போகும் அதே கம்பளிக் காலுறையைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே மாட்டிக்கொள்ளுங்கள். கடையில் தரும் மெல்லிய நைலான் உறையோடு அளந்து வாங்கும் பூட்ஸ், பிறகு வீட்டில் அழவைக்கும்.

முதலில் பூட்ஸின் உள்தகட்டை (இன்சோல்) வெளியே எடுத்து, அதன்மேல் காலுறையோடு ஏறி நில்லுங்கள். விரல் நுனிக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பாதம் தகட்டைத் தாண்டி வழியக் கூடாது. பிறகு பூட்ஸை மாட்டி, நாடாவைக் கட்டி, ஐந்து விரலையும் மடக்கி விரித்துப் பாருங்கள். பியானோ வாசிப்பதுபோல் அசைந்தால் சரி. குதிகால் மட்டும் மேலெழும்பாமல் பிடித்திருக்க வேண்டும். முன்புறம் தாராளம், பின்புறம் பிடிப்பு.

ஐரோப்பிய அளவில் ஒரு எண் கூடினால் நீளத்தில் கிடைப்பது ஏறத்தாழ 7 மி.மீ. மட்டுமே. 42 போடுகிறவர் 43 வாங்கினால் ஒரு தடித்த காலுறைக்குச் சரியாகும், காற்றுக்கு மிஞ்சாது. பலருக்கு 44 வரை போக வேண்டிவரும். ஆனால் என் அனுபவத்தில் நம்மவருக்குச் சிக்கல் நீளத்தில் இல்லை, அகலத்தில். வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் வளர்ந்த பாதம் முன்புறம் விரிந்தே இருக்கும். சைக்கிள் சப்பாத்துகளோ ஒடுங்கிய பாதத்துக்கென்றே வார்த்தவைபோல வருகின்றன. அகலம் போதாமல் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் தோணியை மாட்டிக்கொண்டு மிதிப்பதுபோல் ஆகும். லேக் நிறுவனம் தன் குளிர்கால சைக்கிள் பூட்ஸில் அகலமான வார்ப்பையும் செய்கிறது. மின்னசோட்டாவின் ஃபோர்ட்டிஃபைவ் நார்த் நிறுவனம் குளிர்கால சைக்கிளுக்கென்றே பொருள்கள் செய்கிறது. இவற்றைப் போட்டுப் பாருங்கள். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், உங்கள் விரல் சொல்வதைக் கேளுங்கள்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்ற பழமொழியைப் பூட்ஸ் கடையில் மறந்துவிடலாம். அதற்காக அளவு கடந்தும் போக வேண்டாம். பெரிய பூட்ஸ் மிதிதண்டில் உரசுகிறதா, திருப்பும்போது முன்சக்கரத்தில் தட்டுகிறதா என்று சைக்கிளில் ஏறிப் பாருங்கள். அடித்தட்டு தடிப்பாக இருந்தால் இருக்கையைச் சிறிது உயர்த்த வேண்டியிருக்கும்.

பூட்டும் பெடலா, தட்டைப் பெடலா?

சப்பாத்தின் அடியில் கிளீட் என்ற உலோகத் துண்டைப் பொருத்தி, அதைப் பெடலோடு பூட்டிக்கொள்வது பந்தயக்காரர்களின் வழக்கம். உலோகம் சூட்டை வேகமாகக் கடத்தும், அதுவும் பாதத்தின் முன்பகுதிக்கு நேர்கீழே. இந்த முறையை விடமுடியாதவர்கள் கிளீட்டின் திருகுத் துளைகளை உள்ளேயிருந்து ஒட்டி அடைத்து, மேலே ஒரு கம்பளி அல்லது ஃபெல்ட் தகட்டைப் போட்டுக்கொள்ளலாம். அந்தத் தகடு உயரத்தைத் தின்னும் என்பதையும் அளவெடுக்கும்போதே கணக்கில் எடுங்கள்.

வேலைக்கும் கடைக்கும் போய்வருகிறவருக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்பது என் கட்சி. ஃபின்லாந்தின் ஒவுலு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. குளிர்கால சைக்கிள் மாநாடு முதன்முதலில் 2013இல் கூடியது அங்கேதான். அந்த ஊரில் பிள்ளைகள் பனிக்காலத்திலும் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள், சாதாரண பனி பூட்ஸ் போட்டுத் தட்டைப் பெடலை மிதித்துக்கொண்டு. தட்டைப் பெடலில் இன்னொரு வசதி: விரல் மரத்துவரும்போது இறங்கி இரண்டு நிமிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கலாம். காசில்லாத வைத்தியம், இதற்கு ஈடாக இன்னொன்றை நான் காணவில்லை.

உப்புச் சேறு

ரொறன்ரோவில் மைனஸ் 15 டிகிரியில் வறண்ட பனிமேல் போவதைவிட, மைனஸ் 2இல் போவதே காலுக்குக் கொடுமை. தெருவில் கொட்டும் உப்பு பனியைக் கரைக்கிறது. உப்புக் கலந்த நீர் பூச்சியத்துக்குக் கீழேயும் உறையாது. ஆகவே சக்கரம் வாரி இறைப்பது பூச்சியத்தைவிடக் குளிர்ந்த தண்ணீர். நனைந்த காலுறையில் காற்று தங்க இடமில்லை. முன்சக்கரத்துக்குத் தரையைத் தொடுமளவு நீண்ட மட்கார்டு போடுவது, பூட்ஸின் பாதி விலையை மிச்சப்படுத்தியதற்குச் சமம்.

உள்ளேயிருந்து வரும் ஈரம் இன்னும் கள்ளத்தனமானது. கொரியப் போரில், 1950 நவம்பர், டிசம்பரில், சோசின் நீர்த்தேக்கக் கரையில் அமெரிக்கப் படையினர் அணிந்திருந்தவை ரப்பர் அடியும் தோல் மேலும் கொண்ட பூட்ஸ். நடக்கும்போது கால் வியர்த்தது, வியர்வை வெளியேற வழியில்லை. நின்றதும் அதுவே உறைந்தது. எதிரியின் குண்டோடு உறைபனியும் ஏராளமானவர்களைச் சாய்த்தது. பின்னர் அந்த இராணுவம், காப்புப் பஞ்சை இரண்டு ரப்பர் அடுக்குகளுக்கு நடுவே ஈரம் புகாமல் அடைத்த பூட்ஸைக் கொடுத்தது. பார்க்கக் கொழுத்து உருண்டிருந்ததால் அதற்கு மிக்கி மவுஸ் பூட்ஸ் என்று பட்டப்பெயர்.

பருத்திக் காலுறை வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் கொஞ்சம் சூடு காக்கும். பலசரக்குப் பையைக் கட்டிய பையனும் முழு முட்டாள் இல்லை, வைத்த இடம்தான் தவறு. மெல்லிய காலுறை, அதற்குமேல் பை, அதற்குமேல் தடித்த கம்பளி என்று போட்டால் வியர்வை கம்பளிக்குப் போகாது. நீண்ட தூரப் பனிப்பயணிகள் செய்வது இதைத்தான். நாளின் முடிவில் கால் ஊறியிருக்கும், உடனே துடைத்து உலர்த்த வேண்டும்.

கடைகளில் விற்கும் சூட்டுப் பொட்டலங்களில் இருப்பது இரும்புத்தூள். அது காற்றுப்பட்டுத் துருப்பிடிக்கும்போது சூடு பிறக்கிறது. இறுக்கமான பூட்ஸுக்குள் அதற்கும் மூச்சு முட்டும், வேலை செய்யாது. பொட்டலத்தை வெறுந்தோலில் வைக்காதீர்கள்.

சிலருக்கு இது வெறும் குளிர் அல்ல

தெற்காசியரிடையே நீரிழிவு அதிகம். நீண்டகால நீரிழிவு கால் நரம்புகளை மழுக்கிவிடும். குளிர்கிறது என்பதும் தெரியாது, சூட்டுப் பொட்டலம் சுடுகிறது என்பதும் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் பொட்டலங்களைத் தொடவே வேண்டாம். மருத்துவரிடம் பாதத்தைக் காட்டிவிட்டுத்தான் குளிர்காலச் சவாரியைப் பற்றி யோசிக்க வேண்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

லேசான குளிருக்கே விரல் வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து குத்துகிறதா? 1862இல் மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த நிலை அது, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். பெண்களிடம் கூடுதல். பலருக்குத் தொல்லையோடு போகும், சிலருக்கு வேறொரு நோயின் அறிகுறியாக இருக்கும். நம் தோல் நிறத்தில் வெளுப்பு பளிச்சென்று தெரியாது, சாம்பல் பூத்தாற்போல் இருக்கும்.

இரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் சிலருக்குக் கால் குளிர்ச்சியைக் கூட்டும். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் குளிரைக் கூட்டிக் காட்டும். வாசலில் நின்று புகைக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: சிகரெட் நெஞ்சில் சூடாக இருப்பதுபோல் தோன்றினாலும், நிகோடின் அந்த நேரத்தில் விரல்களின் இரத்தக் குழாயைச் சுருக்கிக்கொண்டிருக்கிறது.

விறைத்துவிட்டால்

வலி ஓர் எச்சரிக்கை. வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலி நின்று மரக்கட்டையானால் ஆபத்து, சவாரியை அங்கேயே முடித்து உள்ளே போங்கள். ஈரக் காலுறையைக் கழற்றுங்கள். தேய்க்காதீர்கள். நெப்போலியனின் படைமருத்துவர் லாரே 1812இல் ரஷ்யக் குளிரைக் கண்டு, உறைந்த உறுப்பைப் பனியால் தேய்க்கச் சொன்னார். அந்தத் தவறு நூறாண்டுக்கு மேல் நிலைத்தது. தேய்ப்பு, உறைந்த திசுவைக் கிழிக்கும். நெருப்புக்கு அருகிலோ ஹீட்டரின் மேலோ நீட்டுவதும் கூடாது, உணர்ச்சியில்லாத தோல் வெந்துபோகும்.

வேண்டியது 37 முதல் 39 டிகிரி வரையான வெந்நீர், குழந்தையைக் குளிப்பாட்டும் இதம். விறைக்காத இன்னொருவரின் முழங்கை அதைப் பார்த்துச் சொல்லட்டும். உணர்ச்சி திரும்பும்போது கடுமையாக வலிக்கும். மீண்டும் குளிரில் போக நேருமானால் இளக்காமல் வைத்திருப்பதே மேல், இளகி மறுபடி உறைந்தால் சேதம் பன்மடங்கு. கொப்புளம் வந்தாலோ, தோல் மெழுகுபோல் கடினமானாலோ, நிறம் திரும்பாவிட்டாலோ நேரே மருத்துவமனை.

இரவில்

1953 மே 29 காலை, எவரெஸ்டின் கடைசி முகாமில் எட்மண்ட் ஹில்லரி கண்விழித்தபோது, கழற்றி வைத்திருந்த அவரது பூட்ஸ் கல்லாய் உறைந்திருந்தன. அவற்றை அடுப்பின்மேல் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் போனது. அவரோடு ஏறிய டென்சிங் தன் பூட்ஸைக் கழற்றாமலே உறங்கியிருந்தார்.

நமக்கு அவ்வளவு வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உள்தகட்டை உருவித் தனியே நிறுத்துங்கள். பூட்ஸுக்குள் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். ஹீட்டருக்கு ஓரடி தள்ளி வையுங்கள், மேலே வைத்தால் பசை விட்டுவிடும். எங்கள் கட்டடத்தில் வெளிவாசலில் சப்பாத்தை விட்டுவிட்டு உள்ளே வருவது வழக்கம். அந்த நடைபாதைக்கு ஹீட்டர் கிடையாது. குளிர்காலத்தில் மட்டும் எங்கள் வீட்டு பூட்ஸுக்கு உள்ளே வர அனுமதி உண்டு, அம்மாவின் முணுமுணுப்போடு.