நடுத்தரக் குழலும் பெருவிலங்கும்

யானை, காட்டெருமை போன்ற பெருவிலங்குகளை வீழ்த்துவதற்குத் துவக்கின் குழல் எவ்வளவு பெரிதாயிருத்தல் வேண்டும்? வேட்டைக்காரரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு இது. குழல் பெருத்தால் வலிமையும் பெருக்கும் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும் விடை. கரிமருந்துக் காலத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கைக் காடுகளில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், 4 அவுன்சுக் குண்டைச் செலுத்தும் 21 றாத்தல் துவக்கொன்றைச் சுமந்து திரிந்தார்.

1880களில் புகையில்லா வெடிமருந்து வந்ததும் நிலை மாறியது. உருண்டைக் குண்டின் இடத்தை, உலோகக் கவசம் பூண்ட நீண்ட சன்னம் பிடித்துக்கொண்டது. அதன் பின்னரே நடுத்தரக் குழல் தோட்டாக்கள் பெயர்பெற்றன. அவற்றுள் இரண்டு இங்கு ஒப்புநோக்கத் தக்கவை.

ஒன்று, பேர்லின் நகரத்துத் துவக்குத் தொழிலாளர் ஓட்டோ பொக் என்பார் 1905இல் ஆக்கிய 9.3 × 62 மில்லிமீற்றர்த் தோட்டா. மற்றது, இலண்டன் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனம் 1912இல் வெளியிட்ட .375 மக்னம். முன்னையது சாதாரண மௌசர் றைபிளிற் பொருந்துவது. ஆகையால் ஆபிரிக்காவிற் குடியேறிய ஜேர்மானியக் கமக்காரருக்குக் குறைந்த செலவிற் கிடைத்தது. பின்னையதன் நீண்ட தோட்டாவுக்கு நீண்ட பொறியமைப்பு வேண்டும். விலையும் அதற்கேற்ப உயர்ந்தது.

எண்கள் கூறுவதென்ன? .375இன் வழக்கமான சன்னம் 300 கிறெயின், அதாவது ஏறத்தாழ 19.4 கிராம், அது செக்கனுக்கு ஏறக்குறைய 770 மீற்றர் வேகத்திற் புறப்படும். 9.3இன் சன்னம் 286 கிறெயின், ஏறத்தாழ 18.5 கிராம், வேகம் 720 மீற்றர் அளவு. சக்தியைக் கணித்தால் .375 ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுந்து நிற்கும். ஆயின் சன்னத்தின் எடையை அதன் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பார்த்தால், இரண்டுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றே. தடித்த தோலையும் எலும்பையும் துளைத்து உட்செல்லும் ஆற்றல், சன்னத்தின் அமைப்போடு இவ்விகிதத்தையும் பெரிதும் பொறுத்தது. காட்டில் இவ்விரு தோட்டாக்களுக்குமிடையே பெரும் பேதம் காணப்படாமைக்கு இதுவே காரணம். எனினும் ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் சட்டம், ஆபத்தான விலங்குகளுக்கு .375ஐயே கீழெல்லையாக வகுத்தது. சில நாடுகள் 9.3ஐயும் ஏற்றன.

தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்வோர் பலர் இங்குதான் வழுவுகின்றனர். இன்னும் சிறிது மருந்து இட்டால் இன்னும் சிறிது வேகம் கிட்டும் என்பது அவர்கள் ஆசை. குளிர்நாட்டில் அளந்திட்ட அதே மருந்து, வெப்பநாட்டு வெயிலிற் கூடிய அமுக்கத்தை எழுப்பும். அப்போது வெற்றுக் கோது குழலறையில் இறுகிக்கொள்ளும். அடுத்த தோட்டா ஏறாது. .375இன் கோது நுனி நோக்கிச் சரிந்திருப்பது, வெடித்தபின் எளிதிற் கழன்றுவர உதவுகிறது. மேலும், மென்முனைச் சன்னம் அளவுக்கு மீறிய வேகத்தில் மோதினால், உயிர்நிலையை அடையுமுன்னரே சிதறிவிடக் கூடும். நூறு யார் தூரத்தில் நிற்கும் எருமை, செக்கனுக்கு 30 மீற்றர் கூடியதை உணரப் போவதில்லை. இறுகிய கோதோடு நிற்கும் வேட்டைக்காரனோ அதனை நன்கு உணர்வான்.

ஸ்கொத்லாந்து நாட்டவரான டபிள்யூ. டி. எம். பெல், தாம் வீழ்த்திய ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளுட் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர்ச் சிறுகுழல் றைபிளாலேயே வீழ்த்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை இருக்குமிடத்தை அவர் ஆராய்ந்திருந்தார். சிதையாத திண்சன்னத்தையே அவர் பயன்படுத்தினார். அவரது திறமை எல்லோருக்கும் வாய்க்காது. அதனாலேதான் சட்டம் கீழெல்லையொன்றை வேண்டி நிற்கிறது.

குறி தவறிய பெருங்குழல் விலங்கைப் புண்படுத்துமேயன்றி வீழ்த்தாது. புண்பட்ட எருமை புதருள் மறைந்து, பின்தொடர்பவனைப் பதுங்கி நின்று தாக்கும். வேட்டைக்காரன் தப்பினாலும், மறுநாள் அவ்வழியே விறகுக்குச் செல்வோருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே ஒருவன் தேர்ந்தெடுக்க வேண்டியது, தன் தோள் தாங்கக்கூடிய உதைப்பும், ஆழச் செல்லும் திண்ணிய சன்னமும், வெயிலிலும் பிழையாத மருந்தளவும் கொண்ட தோட்டாவையே. எஞ்சியது கண்ணும் கையும் செய்யும் வேலை. இவ்விரண்டும் தயங்கினால், துவக்கைத் தாழ்த்திக்கொள்வதே வேட்டையறம்.