மரம் கேட்ட கைகள்

விடியுமுன்னே பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் ஆளுக்கொரு நிரை. நிரைக்கு ஏறத்தாழ 500 பால்மரம். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளின் நாள் இப்படித்தான் தொடங்கியது. அப்படி என்ன அவசரம்? துரையின் கெடுபிடி பாதி, மரத்தின் கெடுபிடி மீதி. இரவில் இலைகள் நீரை அதிகம் வெளிவிடுவதில்லை. அதனால் பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். வெயில் வந்தால் இறங்கிவிடும், மங்கில் பாலும் குறையும். உளி மில்லிமீட்டர் கணக்கில்தான் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் இல்லை. இந்த நிதானம் கைக்குத்தான் வரும். கப்பல் கப்பலாக ஆள் வந்தது அதற்காகத்தான்.

பால்மரத்தின் இடத்துக்கு வந்த செம்பனையின் சுபாவம் வேறு. பால்மரத்தை ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்ட வேண்டும். பனையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குலை அறுத்தால் போதும். கேரித் தீவுப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டியவரை பனைதான், ஆள் அபூர்வம். அந்த ஆளும் இன்று பெரும்பாலும் இந்தோனேசியர் அல்லது வங்காளதேசத்தவர்.

வயலில் மிஞ்சிய ஆள் கூடுதல் கூலி தேடி ஆலைக்கு நகர்வார் என்று 1954இல் விளக்கினார் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ். பின்னாளில் நோபல் பரிசும் வாங்கினார். மலேசியக் கணக்கும் ஒத்துப்போகிறது. 1970இல் உழைப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேளாண்மையில் இருந்தார்கள். இன்று பத்தில் ஒருவர். ஆறு பேருக்கு மேல் சேவைத் துறையில்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலோ ஆளுக்கு முன்னே நிலம் நகர்ந்துவிட்டது. தோட்டக்காடாகக் கிடந்த ஷா ஆலம் 1978இல் சிலாங்கூரின் தலைநகர். 1985இல் முதல் புரோட்டோன் சாகா கார் அங்கிருந்துதான் புறப்பட்டது. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. தோட்டம் கைமாறினால் சம்பளமும் கூரையும் சேர்ந்தே போகும். புள்ளிவிவர அட்டவணையில் அதற்குப் பெயர் துறை மாற்றம்!

துறைமுகத்துக்குப் போயிருக்கலாமே என்றால், அங்கே 1973இல் கொள்கலன் முனையம் வந்தது. மூட்டை சுமந்த தோள்களின் வேலையைப் பாரந்தூக்கி வாங்கிக்கொண்டது. 2023இல் கிள்ளான் துறைமுகம் கையாண்டது, இருபதடிப் பெட்டிக் கணக்கில், 14 மில்லியன்.

லாரி, காவல், துப்புரவு, சாப்பாட்டுக்கடை என்று சிதறியவர்கள்தான் அட்டவணையின் ‘சேவை’. தெங்கு கிளானா சாலைப் பூக்கடையில் சற்று நின்று பாருங்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நூலில் ஒரு சுருக்கு. கண் வாடிக்கையாளர் மேல், விரல் தன்பாட்டுக்கு. முழம் அளப்பதும் அதே கைதான்.