துரை விட்டுப்போன வண்டி: குறைந்த காசில் அசல் லேண்ட் ரோவர் தேடுவது எப்படி

மசில் கார் என்றதும் யூடியூபில் உறுமுகிற அமெரிக்க வண்டிதான் கண்முன் வரும். 1964-இல் பொண்டியாக் கம்பனி தன் நடுத்தரக் கார் ஒன்றுக்குள் 6.4 லீட்டர் வீ-8 எஞ்சினைத் திணித்து ‘ஜீடிஓ’ என்ற பெயரில் விற்றது. அந்த ரகம் சூடுபிடித்தது அங்கிருந்துதான். சம்பளத்தில் வாங்கக்கூடிய விலை, அளவுக்கு மீறிய எஞ்சின், சூத்திரம் அவ்வளவே. இலங்கையின் ஊவா மலைநாட்டில், பூனாகலையில் இருந்துகொண்டு அதைத் தேடுவது வீண்வேலை. இறக்குமதியாகும் வண்டிக்கு இங்கே வயது வரம்பு உண்டு. ஸ்டியரிங் வேறு இடப்பக்கம். எப்படியோ ஒன்று வந்து சேர்ந்தாலும், 2022-இல் கியூஆர் முறையில் ஒரு காருக்கு வாரம் 20 லீட்டர் என்று அளந்து கொடுத்தார்களே, அந்த எண்ணெயில் பண்டாரவளையில் இருந்து கிளம்பினால் கொழும்புக்குப் பாதி வழியில் நின்றிருக்கும்.

ஆனால் அதைத் தேடுகிறவர் உண்மையில் கேட்பது என்ன? ஒரு காலத்தின் பலசாலி வண்டி, கம்பனியில் இருந்து வந்த கோலத்திலேயே, கைக்கு அடங்கிய விலையில் வேண்டும் என்பதுதான். அதற்கு ஊவாத் தோட்டங்களில் ஒரு பதில் உண்டு. துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவர்.

1948 ஏப்ரல் 30-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் காட்டிய வண்டி அது. போருக்குப் பின் இங்கிலாந்தில் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு இருந்ததால் பொடியை அலுமினியக் கலவையில் செய்தார்கள். இந்தத் தட்டுப்பாடுதான் பின்னால் மலைநாட்டு மழைக்கு வரமாக அமைந்தது. 1958 வரை வந்தது முதல் சீரிஸ். அந்த ஆண்டே இரண்டாம் சீரிஸும், அதோடு 2.25 லீட்டர் பெற்றோல் எஞ்சினும் வந்தன. 1961-இல் டூ-ஏ, 1971 முதல் 1985 வரை மூன்றாம் சீரிஸ்.

இங்கே இந்த வண்டிகளின் தலையெழுத்தை எழுதியது நாட்டின் கதை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுகியது. 1977-இல்தான் கதவு திறந்தது. அதற்கிடையே 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992-இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பங்களா வண்டி ஒரு படி கீழே இறங்கியது. துரை ஓட்டியது உர மூட்டை ஏற்றியது, பிறகு மரக்கறி முதலாளியிடம் போனது, கடைசியில் கராஜ் வாசலில் நின்றது. புது வண்டியும் இல்லை, புது உதிரிப்பாகமும் இல்லை என்ற காலத்தில் கராஜ் பாஸ்மார் கிடைத்ததை வைத்து ஓட வைத்தார்கள். 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை மறுபடி இறக்குமதி நின்றபோது பழைய வண்டியின் மவுசு இன்னும் ஏறியது.

ஆகவே, இன்றுவரை உயிரோடு இருக்கும் வண்டி என்றாலே கைவைத்த வண்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அசலாக உள்ள வண்டி அபூர்வம். இருந்தாலும் அது சின்ன பட்ஜெட்காரருக்கு எட்டாது. எந்த அசலுக்குக் காசு கொடுப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டும். நட்டும் போல்ட்டுமாக மாட்டியதை எப்போதும் கழற்றிப் பழையதைப் போடலாம், அது போனால் போகட்டும். வெட்டி வெல்டிங் பிடித்ததையும், பதிவுப் புத்தகத்தில் எழுதியதையும் அப்படித் திருப்ப முடியாது. இந்த இரண்டில்தான் காசைப் போடவேண்டும் என்பது என் கட்சி.

அமெரிக்காவிலும் இதே பாடத்தைச் சூடுபட்டுத்தான் படித்தார்கள். 1964, 1965 ஜீடிஓ வண்டிகளின் அடையாள எண்ணில் அது ஜீடிஓ என்பதே இராது, சாதாரண ‘லெமான்ஸ்’ எண்தான். அதனால் சாதா வண்டிக்கு பட்ஜ் ஒட்டி ஜீடிஓ என்று விற்கிறவர்கள் பெருகினார்கள். கம்பனியின் பழைய பதிவேட்டு நகலைக் காட்டாமல் அங்கே விவரமறிந்தவர் காசு எடுக்கமாட்டார்.

நமக்கு முதல் பதிவேடு நம்பர் பிளேட். 1957 ஜனவரி முதல் புதிய வண்டிகளுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமானது. அதற்கு முன் பதிந்தவை சிஇ, சிஎல், இஎல், இஎன் போன்ற ஆங்கில எழுத்துகளில் இருக்கும். இந்த ஒற்றை எழுத்துக்கு எதிரான போராட்டம் மலையகத்துக்கும் வந்தது. 1958-இல் பொகவந்தலாவையில் பொலிஸார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் இறந்தார்கள். பழைய வண்டிக்காரர்கள் ‘வன் ஸ்ரீ’ பிளேட்டைப் பெருமையாகத் துடைக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது. வாங்குகிறவருக்கு அதில் இருக்கும் பயன் வேறு. இரண்டாம் சீரிஸ் உலகத்துக்கு வந்ததே 1958-இல். அப்படியானால் இரண்டாம் சீரிஸ் உருவத்தில் நிற்கும் வண்டி ஆங்கில எழுத்து பிளேட்டோடு வந்தால், அங்கே இரண்டு வண்டிகள் ஒன்றாகியிருக்கின்றன. முதல் சீரிஸில் பிந்திய இலக்கம் இருந்தால் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. அரச சேவையில் இருந்து கழித்த வண்டி பிறகு பதிவாகியிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அடுத்து சேசிஸ் எண். இரண்டாம், மூன்றாம் சீரிஸ்களில் இது முன்பக்கம், ட்ரைவர் பக்க ஸ்பிரிங் மாட்டும் கொம்பில் பொறித்திருக்கும். கிரீஸும் சேறும் அப்பியிருக்கும். கம்பித் தூரிகையும் மண்ணெண்ணெயும் கொண்டுபோங்கள். டூ-ஏ வகையில், முன் பின் சில்லுகளுக்கிடையே 88 அங்குலம் உள்ள பெற்றோல் வண்டியின் எண் 241 என்று தொடங்கினால் இங்கிலாந்துச் சந்தைக்குச் செய்தது, 242 என்றால் வலப்பக்க ஸ்டியரிங் ஏற்றுமதி. இலங்கைக்குப் புதிதாக வந்த வண்டியில் 242-ஐ எதிர்பார்க்கலாம். 241 இருந்தால் மோசடி என்று சொல்லமாட்டேன், வண்டி எப்படி இங்கே வந்தது என்ற கேள்வி மட்டும் எழும். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஒன்றாக இருக்காது, குழம்பவேண்டாம். இரண்டும் புத்தகத்தோடு ஒத்துப்போனால் சரி. இங்கிலாந்தில் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய தொழிற்சாலைப் பேரேடுகளை வைத்திருக்கிறது. சேசிஸ் எண்ணை அனுப்பிக் கட்டணம் கட்டினால் எப்போது செய்தார்கள், முதல் நிறம் என்ன, என்ன எஞ்சின் எண், எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்று சான்றிதழ் தருவார்கள். டின்கரிங், பெயின்ட் செலவோடு பார்த்தால் இது சில்லறைக் காசு.

இனி இரும்பு. அமெரிக்கக் கார் வாங்கப் போகிறவர் காந்தம் கொண்டுபோவார். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. லேண்ட் ரோவரில் இந்த வித்தை தலைகீழ். மட்கார்ட், பொனட், கதவுத் தகடு எல்லாம் அலுமினியம், காந்தம் ஒட்டவே கூடாது. ஒட்டினால் அந்தத் துண்டு உள்ளூரில் தகட்டை வளைத்துச் செய்தது. அதற்காக வண்டியை ஒதுக்கவேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மட்கார்ட் நாலு போல்ட்டில் கழன்றுவரும் சாமான்.

எளிதில் கழன்றுவராதது சேசிஸும், எஞ்சினுக்கும் ட்ரைவருக்கும் நடுவே நிற்கும் இரும்புச் சுவரும். சேசிஸ் உள்ளே பொள்ளலான பெட்டி. மலைநாட்டுப் பனி உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே தின்னும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருக்கும். சின்னச் சுத்தியல் ஒன்றால் தட்டிக்கொண்டே பின்னால் போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அழுகியது ‘தொப்’ என்று ஊமையாகும், சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே போய்விடும். வண்டிக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் காதுகள், முன் கதவுத் தூணின் அடி, கால் வைக்கும் பள்ளம், இந்த நாலு இடமும் முக்கியம். தோட்ட வண்டியென்றால் பின்பெட்டியின் தரையை விசேஷமாகப் பாருங்கள். உரத்தின் உப்பு இரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்தே அரிக்கும். இரண்டும் தொடும் ஓரங்களில் வெள்ளை மா போலக் கொட்டினால் அங்கே அரிப்பு தொடங்கி நாளாகிவிட்டது.

எஞ்சின் விஷயத்தில் எல்லா விற்பனையாளரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். “தம்பி, பழைய பெற்றோல் எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்தி மாளாது, அதான் நிசான் டீசல் போட்டிருக்கு. மலை ஏறுது பாருங்க.” அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்த 2.25 பெற்றோல் எஞ்சின் ஒரு லீட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடினாலே பெரிய விஷயம். இசுசு, டொயோட்டா, நிசான் டீசல் மாற்றிய வண்டிகள்தான் இன்று அதிகம்; விலையும் அவற்றுக்கே படியும். நான் பார்க்கச் சொல்வது இரண்டைத்தான். மாற்றிய எஞ்சினின் எண் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா? எஞ்சினை உட்கார வைக்கச் சேசிஸையோ அந்த இரும்புச் சுவரையோ வெட்டினார்களா? தாங்கிகளை மட்டும் மாற்றியிருந்தால் நாளைக்கு அசல் எஞ்சின் கிடைக்கும்போது திரும்பிப்போகலாம். வெட்டியிருந்தால் அது ஓடுவதற்கான வண்டி, சேர்த்துவைப்பதற்கான வண்டி இல்லை. இன்னொன்று, பலம் கூடிய எஞ்சின் பின் அச்சை முறிக்கும். சீரிஸ் வண்டிகளின் மெலிந்த பின் அச்சுத் தண்டு அதற்குப் பேர்போனது.

ஓட்டிப் பார்க்கப் பூனாகலை வீதியை விட நல்ல இடம் கிடைக்காது. ஏற்றத்தில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் நடிக்கும், இறக்கத்தில் பாருங்கள். மூன்றாம் கியரில் போட்டு அக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் கியர் பொக்ஸ் தேய்ந்துவிட்டது. பிறேக் நாலும் ட்ரம்தான், ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். நிறுத்திவிட்டு முன் சில்லுக்குப் பின்னால் குனிந்தால் உருண்டையான குரோம் பந்து தெரியும். அது புள்ளிபுள்ளியாகச் சொறிந்திருந்தால் ஒயில் சீல் எத்தனை மாற்றினாலும் ஒழுகும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில், காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். உங்கள் வருகைக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் சொல்லாமல் போய்ப் பார்ப்பது உத்தமம்.

காகிதம்தான் சின்ன பட்ஜெட்காரரைக் கவிழ்க்கும் இடம். ‘ஓப்பன் பேப்பர்’ என்று சொல்லி, யாரோ எப்போதோ கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தோடு வண்டி நாலைந்து கை மாறியிருக்கும். புத்தகத்தில் பெயர் இருப்பவர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம். தோட்ட வண்டியில் இன்னும் சிக்கல். புத்தகத்தில் தனியாள் பெயருக்குப் பதில் பழைய கம்பனியோ, ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபையோ, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமோ இருந்தால், அங்கிருந்து விற்ற கடிதமோ கேள்விப்பத்திரத்தில் எடுத்த பற்றுச்சீட்டோ இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளர் என்ற இடத்தில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையச் சேவையில் வண்டி இலக்கத்தைக் கொடுத்து அடிப்படை விவரத்தைப் பார்க்கலாம். வருட வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. கடைசியாக எந்த ஆண்டு வரி கட்டினார்கள் என்பதை வைத்தே வண்டி எத்தனை காலம் படுத்துக் கிடந்தது என்று கணிக்கலாம்.

எங்கே தேடுவது? கொழும்பு விளம்பரங்களில் விலை ஏற்கனவே ஏறியிருக்கும். பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லாந்தைப் பக்கத்துக் கராஜ் பாஸ்மாருக்கு எந்தத் தோட்டத்தில், எந்தக் கொட்டிலில் எது கிடக்கிறது என்று தெரியும். பெயர் கேட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், மூன்று மாதம் கழித்தாவது அழைப்பு வரும். கையில் இருப்பதில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கொடுக்காதீர்கள். மற்றப் பாதியில் பிறேக், டயர், வயரிங், சேசிஸ் வெல்டிங், உதிரிப்பாகம் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போகும் பயணங்கள் எல்லாம் இருக்கின்றன. பெயின்ட் கடைசி. பழைய பச்சை உரிந்துகொண்டிருந்தாலும் அது முதல் பெயின்ட் என்றால் அதன்மேல் எதையும் அடிக்கவேண்டாம்.

இதுவும் எட்டாவிட்டால் மொரிஸ் மைனர் இருக்கிறது. 1948-இல் லேண்ட் ரோவர் வந்த அதே ஆண்டில் வந்த கார். 1971 வரை 16 லட்சம் அளவில் செய்தார்கள். இங்கிலாந்தில் பாத் நகரத்து மைனர் நிலையத்தின் சார்ல்ஸ் வெயார் 1990களில் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து இங்கேயே மைனருக்கான தகடுகளைச் செய்வித்து, அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பிய கதையும் உண்டு. மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பொடியே சேசிஸ்; முழுதும் இரும்பு. இங்கே காந்தம் தன் பழைய வேலையைச் செய்யும், சுத்தியலை அடிப்பக்கம் இன்னும் கவனமாகத் தட்டவேண்டும். 1962-க்குப் பிந்திய 1098 சீசீ எஞ்சின் உள்ளதாகப் பாருங்கள். 948-ஐ விட மலைக்கு அது கொஞ்சம் தேவலை, என்றாலும் ஆள் ஏற்றிக்கொண்டு பூனாகலைக்கு வரும்போது இரண்டாம் கியரை விட்டு மேலே போக அதிகம் வாய்க்காது.