மலையிலிருந்து வனத்துக்கு ஓர் ஆற்றுவழி

பெரு நாட்டில் உருபம்பா என்றோர் ஆறு உண்டு. ஆண்டீஸ் மலைத்தொடரில் ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்திலுள்ள லா ராயா கணவாயின் அருகே அது பிறக்கிறது. அங்கே அதன் பெயர் வில்கனோட்டா. மச்சு பிச்சு என்னும் பழம்பெரும் நகரின் அடிவாரத்தைச் சுற்றி வளைந்து காட்டிலே இறங்கி, அட்டலாயா என்ற ஊரில் தாம்போ ஆற்றுடன் கூடி உக்காயாலி எனப் பெயர் பெற்று, முடிவில் அமேசானில் கலக்கிறது. இவ்வாற்றுவழியே மலையிலிருந்து வனத்துக்குச் செல்ல விரும்புவோர் எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பது குறித்துச் சிறிது கூற எண்ணுகிறேன்.

இத்தகைய பயணம் என்றதும் நண்பர்கள் படகைப் பற்றியும் பாம்புகளைப் பற்றியுமே கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது நிலப்படத்திலுள்ள உயர எண்களைத்தான். ஒல்லாந்தாய்தாம்போ என்னும் ஊர் சுமார் 2,790 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து ஆற்றங்கரை ஓரமாகவே செல்லும் இருப்புப்பாதை சுமார் 43 கிலோமீட்டரில் 2,040 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஆறும் அவ்வளவே விழுகிறது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இதே நீர் அமேசானில் சேர்ந்து இக்கீத்தோஸ் நகரைக் கடந்தபின், சுமார் 100 மீட்டர் இறங்கிக் கடலை அடைய ஏறக்குறைய 3,600 கிலோமீட்டர் செல்கிறது! ஆகையால் மேற்பகுதியை நிலவழியே கடந்து, கில்லபம்பா நகரையும் தாண்டி, இவோசோத்தே என்னும் துறையில் படகேறுவதே தக்கது. இதனை வீரக்குறைவு என்பாரும் உளர். பாறையில் மோதிச் சிதறும் படகில் வீரத்துக்கு என்ன வேலை?

அடுத்தது பருவம். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. இந்த வேறுபாடு பொங்கோ தே மைனிகே என்னும் மலையிடுக்கில் உயிர்ப் பிரச்சினையாகிறது. செங்குத்தான பாறைச் சுவர்களுக்கிடையே ஆறு சுமார் மூன்று கிலோமீட்டர் நெருங்கி ஓடும் இடம் அது. சுவர்களிலிருந்து அருவிகள் வீழ்கின்றன. மாச்சிகெங்கா மக்கள் அவ்விடத்தைப் புனிதமாகப் போற்றுகின்றனர். 2004-இல் அது மெகந்தோனி சரணாலயத்துள் அடங்கியது. வெள்ளம் பெருகினால் அங்கே பெருஞ்சுழல்கள் எழும். நம் தலைமேல் வானம் தெளிந்திருக்கும். மலைமேல் பெய்த மழையோ இரவோடிரவாக வந்து சேரும். அப்போது போகலாமா, கூடாதா என்று தீர்மானிக்க வேண்டியவர் அவ்வூர்ப் படகோட்டியே. அவர் 'இரண்டு நாள் பொறுங்கள்' என்றால் பொறுப்பதற்கு நாட்கள் கையில் இருக்க வேண்டும். திரும்பும் விமானச்சீட்டை நெருக்கமான தேதியில் வாங்கியவர் அப்படகோட்டியை அவசரப்படுத்துவார்.

மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசியைப் புறப்படப் பத்து நாட்களுக்கு முன்னரேனும் போட்டுக்கொள்ள வேண்டும். இது நம்மைக் காக்க. நம்மிடமிருந்து பிறரைக் காப்பதும் ஒரு கடமை. மலையிடுக்குக்குக் கீழே உருபம்பாவில் கலக்கும் கமிசேயா ஆற்றின் பக்கத்து வனத்தில், வெளியுலகத் தொடர்பின்றி வாழும் மக்கள் உள்ளனர். நஹுவா இனத்தார் 1984-இல் மரம் வெட்டுவோரைச் சந்தித்தபின், சுவாச நோய்களால் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டனர். நமக்குச் சாதாரணமான சளிக்காய்ச்சலை எதிர்க்கும் ஆற்றல் அவர்கள் உடலில் இல்லை. அவர்களுக்கென ஒதுக்கிய வனத்துள் நுழைதல் கூடாது. ஆற்றங்கரைச் சிற்றூர்களிலும் அனுமதி பெற்றே இறங்க வேண்டும்.

புறப்படும் நாளில் யாருக்கேனும் இருமல் கண்டால் அவர் கில்லபம்பாவிலேயே தங்கிவிட வேண்டும். இந்த உடன்பாட்டைக் கூஸ்கோவிலேயே, பணம் செலவாகும் முன், எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடுவது நலம்.