பி.டி. பீரியடும் கிட்டப்பார்வையும்

சின்ன வயசிலேயே கண்ணாடி போட்ட பிள்ளையைப் பார்த்தால் நம்ம ஊரில் தீர்ப்பு ரெடியாக இருக்கும். "எப்பப் பாரு போனு, டிவி. கண்ணு கெடாம என்ன பண்ணும்?" போன் வருவதற்கு முன்னால் இதே பழி கதைப் புத்தகத்தின் மேல் விழுந்தது. கூடவே, "அவங்கப்பாவும் சோடாபுட்டி, பிள்ளைக்கும் அதான்" என்று ஒரு பரம்பரைக் கணக்கு.

இதிலெல்லாம் உண்மையே கிடையாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடந்த பதினைந்து, இருபது வருஷ ஆராய்ச்சிகளைப் படித்துக்கொண்டே போனால், நாம் அதிகம் பேசாத இன்னொரு காரணம் திரும்பத் திரும்ப வருகிறது: பிள்ளை ஒரு நாளில் எத்தனை நிமிஷம் வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வெளியே இருக்கிறது என்பது. இது பள்ளிக்கூட டைம்டேபிளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிட்டப்பார்வை என்றால் என்னன்னு பார்த்துடுவோம். பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாகச் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவர்களுக்குச் சுமார் 24. இந்த வளர்ச்சி சரியான இடத்தில் நின்றால்தான் பிம்பம் விழித்திரையில் பளிச்சென்று விழும். நிற்காமல் இன்னும் 1 மில்லிமீட்டர் நீண்டுவிட்டால், பவர் ஏறக்குறைய மைனஸ் இரண்டரையிலிருந்து மூன்று வரை போய்விடும். நீண்ட கண் பழைய அளவுக்குத் திரும்பாது. கண்ணாடி மங்கலைச் சரிசெய்யும், நீளத்தைச் சரிசெய்யாது. மைனஸ் 6-ஐத் தாண்டினால், பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் போன்றவற்றின் அபாயம் கூடுகிறது. ஆறு வயதில் தொடங்கிய கிட்டப்பார்வைக்கு ஏறுவதற்கு நிறைய வருஷம் இருக்கிறது. பன்னிரண்டில் தொடங்கினால் அவ்வளவு இல்லை. அதனால் தொடக்கத்தைத் தள்ளிப்போடுவதே பெரிய லாபம்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். எல்லாரும் 6, 7 வயதுக்காரர்கள். பெற்றோரில் ஒருவருக்காவது கிட்டப்பார்வை இருந்த வீடுகள் இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 70 சதவீதத்தை ஒட்டி. ஆனால் பிள்ளைகளில் கிட்டப்பார்வை சிங்கப்பூரில் 29.1 சதவீதம், சிட்னியில் 3.3 சதவீதம். சிங்கப்பூர்ப் பிள்ளைகள்தான் அதிகம் படித்திருப்பார்கள் என்று நினைப்போம். கணக்கெடுத்தால், வாரத்தில் அதிகப் புத்தகம் படித்தது சிட்னிப் பிள்ளைகள்! பெரிய வித்தியாசம் வெளியில் இருந்த நேரத்தில்தான்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம், சிங்கப்பூரில் 3.05. நாள் கணக்கில் வகுத்தால் 118 நிமிஷம், 26 நிமிஷம்.

"சரி, ஓடியாடி விளையாடினா உடம்புக்கு நல்லது, கண்ணுக்கும் நல்லது" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் சிட்னியில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு அதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தது. கூரைக்குக் கீழே விளையாடிய விளையாட்டுக்கும் கிட்டப்பார்வை குறைவதற்கும் தொடர்பு இல்லை. வெளியில் இருந்த மொத்த நேரத்துக்குத் தொடர்பு இருந்தது. அதாவது மைதானத்து ஓரமாகச் சும்மா உட்கார்ந்து கதை பேசுகிற பிள்ளைக்கும் பலன் உண்டு.

காரணமாகப் பெரும்பாலானவர்கள் சொல்வது வெளிச்சம். வகுப்பறையில் வெளிச்சம் பொதுவாகச் சில நூறு லக்ஸ். வெளியே பகலில் பத்தாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை. நம் கண் இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தன்னைச் சட்டென்று சரிசெய்துகொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை. போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு ஹாலிலிருந்து மொட்டை மாடிக்கு நடந்து பாருங்கள். எண் எகிறும்.

வெளிச்சம் அதிகமானால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் அதிகம் சுரக்கிறது. அது கண் நீள்வதற்கு ஒரு பிரேக் மாதிரி வேலை செய்கிறது என்பது இப்போது முன்னணியில் இருக்கும் விளக்கம். கோழிக்குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகளில், பளீர் வெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைத் தடுத்தது. டோபமினின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

கோழி சரி, பிள்ளைகள்? பள்ளிகளிலேயே சோதித்திருக்கிறார்கள். தைவானின் காவ்சியுங் பகுதியில் 2009-ல் ஒரு பள்ளியில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள்: இடைவேளையில் யாரும் வகுப்பறைக்குள் இருக்கக் கூடாது. விளையாடியே ஆகணும் என்று கட்டாயம் இல்லை. வெளியே போனால் போதும். ஒரு வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளியில் 8.41 சதவீதம், வழக்கம்போல் நடந்த பக்கத்துப் பள்ளியில் 17.65. இரண்டே பள்ளிகள்தானே என்று கேட்கலாம். சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பள்ளிகளில் தினம் 40 நிமிஷ வெளிப்புற வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், சேர்க்காத பள்ளிகளில் 39.5. மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் நூறு பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு வரவேண்டியது அந்த மூன்று வருஷத்தில் வரவில்லை. ஆன செலவு, தினம் ஒரு பீரியட்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். ஏற்கெனவே கிட்டப்பார்வை வந்துவிட்ட பிள்ளைக்குப் பவர் ஏறுவதை வெளி நேரம் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெயிலில் நிற்கவைக்காதீர்கள். டாக்டர் சொன்ன கண்ணாடியைப் போட்டுக்கொண்டே விளையாடட்டும்.

இந்தியாவில் நிலைமை தைவான் அளவுக்குப் போகவில்லை. டில்லிப் பள்ளிப் பிள்ளைகளிடையே 2002-ல் வெளிவந்த ஆய்வில் 7.4 சதவீதம், 2015-ல் வெளிவந்த இன்னொன்றில் 13.1. இரண்டும் ஒரே முறையில் எடுத்ததல்ல, அதனால் நேராக ஒப்பிட முடியாது. இருந்தாலும் போகிற திசை நல்லதாகத் தெரியவில்லை.

இப்போது நம் பள்ளி டைம்டேபிளை எடுத்துக்குவோம். காலை அசெம்பிளி 15 நிமிஷம், பத்துப் பத்து நிமிஷமாக இரண்டு இடைவேளை, சாப்பாட்டு நேரம் 40, வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் என்று வைத்தால் தினசரி சராசரி 16. மொத்தம் 91 நிமிஷம். பள்ளிக்குப் போக வர ஆகிற நேரத்தைச் சேர்க்காமலே சிட்னிக் கணக்கில் முக்கால் பங்கு வந்துவிடுகிறது! ஆனால் இது பேப்பரில். நடைமுறையில் அசெம்பிளி ஸ்பீக்கர் வழியாக வகுப்பிலேயே நடக்கும், சாப்பாடு பெஞ்சிலேயே முடியும், பி.டி. பீரியடை மேத்ஸ் மிஸ் கடன் வாங்கிப்பாங்க.

என் மகள் நாலாவது படிக்கிறாள். நானும் மனைவியும் கண்ணாடி. போன வருஷம் அவள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில், வாரம் இரண்டு பி.டி. பீரியடில் ஒன்றை எடுத்துவிட்டு கோடிங் வகுப்பு வைக்கப்போவதாக அறிவித்தார்கள். நல்ல கைத்தட்டல். இருபது வருஷமாகக் கோடிங்கில் சோறு தின்கிறவன் என்ற முறையில் எழுந்து, "சார், கோடிங்கை எங்க பிள்ளைங்க பதினைஞ்சு வயசுல கத்துக்கலாம். கண்ணு அதுவரைக்கும் காத்திருக்காது" என்றேன். பின்னாலிருந்து ஓர் அம்மா, "வெயில்ல நின்னா பிள்ளை கறுத்துடுமே சார்" என்றார். பலர் தலையாட்டினார்கள். கோடிங் வகுப்பு வந்துவிட்டது.

அந்த அம்மாவின் கவலையில் நிறத்தைத் தள்ளிவிடுவோம். வெயிலின் சூடு நிஜமான பிரச்சினை. ஏப்ரல் மாதத்துச் சென்னையில் உச்சிவெயிலில் பிள்ளைகளை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வராது. அதற்கும் தைவானிலிருந்தே பதில் இருக்கிறது. 2018-ல் வந்த ஆய்வில், ஆயிரம் லக்ஸ் அளவு வெளிச்சமே போதுமான நேரம் கிடைத்தால் பலன் தருவதாகத் தெரிந்தது. அது மரநிழலிலும் திறந்த தாழ்வாரத்திலும் கிடைக்கிற வெளிச்சம். வேப்பமரமும் நீள வராந்தாவும் உள்ள ஒரு சாதாரண அரசுப் பள்ளியில் இது ஏற்கெனவே இருக்கிறது. கண்ணாடிச் சுவரும் ஏ.சி.யும் உள்விளையாட்டு அரங்கமும் உள்ள பள்ளியில்தான் தேடணும்.

அதனால் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் புது மைதானம் வேண்டும் என்று தொடங்க வேண்டாம். மூன்று விஷயம் கேளுங்கள். இடைவேளையில் வகுப்பறையைக் காலிசெய்ய முடியுமா? சாப்பாட்டை மரத்தடியிலோ வராந்தாவிலோ வைத்துக்கொள்ளலாமா? பி.டி. பீரியட் இந்த மாதம் எத்தனை முறை நிஜமாகவே நடந்தது? மூன்றாவது கேள்வியை டீச்சரிடம் கேட்பதற்கு முன் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அவர்களிடம் சரியான எண்ணிக்கை இருக்கும்.