லயத்துப் பிள்ளைகளுக்கு ஓர் இசை ஏடு

பாட்டுக் கேட்காத மாணவர் எவரும் இல்லை. ஆனால் பாட்டைப் பற்றி வாசிக்கும் மாணவர் யார், எந்த எழுத்தில் வாசிப்பார், அதற்கு எத்தனை ரூபாய் கொடுப்பார் என்று கேட்டால் விடை சொல்வது எளிதல்ல. மாணவர்களுக்கென இசை ஏடு ஒன்றைத் தொடங்க விரும்புவோர் முதலில் விடை தேட வேண்டிய கேள்வி இதுவே. அட்டைப்படமும் வண்ணமும் அதற்குப் பிறகுதான். ஏலப்பாறை போன்ற மலையூரில் இக்கேள்வி மேலும் கூர்மையாகிறது.

குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் சாலையில், பீர்மேடு வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது ஏலப்பாறை. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக இம்மலைகளில் வாழ்கின்றனர். லயத்து வீடுகளில் பேசுவது தமிழ். பிள்ளைகளில் பலர் படிப்பதோ மலையாளத்திலும் ஆங்கிலத்திலும். தாலாட்டும் திரைப்பாட்டும் தமிழில் காதில் விழுகின்றன. கண்ணுக்குப் பழகிய எழுத்து வேறாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் இங்கே எந்த ஏடு வந்தாலும் அது பாதிப் பேருக்குப் படம் பார்க்கும் புத்தகமாகவே இருக்கும்.

தேர்வுப் பாடமாகவே வைத்தார்கள்

மாணவர் இசை ஏடு என்பது விளையாட்டு வேலை அன்று. இங்கிலாந்தில் மேல்நிலை வகுப்பில் ஊடகப் பாடம் எடுத்த மாணவர்களுக்கு, 2008-இல் நடைமுறைக்கு வந்த ஒரு பாடத்திட்டம் இதையே செய்முறைப் பணியாகத் தந்தது. முதலில் பயிற்சிக்காகப் பள்ளி ஏடு ஒன்றின் அட்டையும் உள்ளடக்கப் பக்கமும். அதன்பின் புதிய இசை ஏடு ஒன்றின் அட்டை, உள்ளடக்கம், எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டில் ஒரு கட்டுரை. படங்களும் எழுத்தும் மாணவருடைய சொந்தமாக இருக்க வேண்டும்; படங்கள் நான்குக்குக் குறையக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னதாக, யாருக்காக இந்த ஏடு என்ற ஆராய்ச்சியைச் செய்து காட்ட வேண்டும். அதற்கும் மதிப்பெண் உண்டு.

ஏடு நடத்தி வென்றவர்களின் கதையும் இதையே சொல்கிறது. லண்டனில் நிக் லோகன் 1978-இல் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்', பள்ளிப் பருவத்தினர் பாட்டின் சொற்களைத் தேடுகிறார்கள் என்று கண்டு, அப்போது புகழ் பெற்றிருந்த பாட்டுகளின் வரிகளை அச்சிட்டது. 2006 வரை அது நடந்தது. சென்னையில் என். பட்டாபிராமன் 1983-இல் தொடங்கிய 'ஸ்ருதி', கச்சேரிக்கும் நாட்டியத்துக்கும் போகிற ரசிகரைக் குறியாகக் கொண்டது. அலகாபாத்தில் அமித் சைகலும் ஷேனா கமத்தும் 1993-இல் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்', இந்நாட்டு இளைஞர்களின் ராக் குழுக்களைப் பற்றி எழுதியது. டில்லியிலோ பம்பாயிலோ இருந்தால்தான் ஏடு நடத்த முடியும் என்பதில்லை என்பதற்கு அது சாட்சி.

தமிழனுக்குத் தெரிந்த இசை ஏடு

உண்மையில் தமிழனுக்கு இது புதிதன்று. சினிமாக் கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் வேறென்ன? முகப்பில் ஒரு படம், உள்ளே கதைச் சுருக்கம், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற முத்தாய்ப்பு, அதன்பின் பாட்டுகள். மெலிந்த தாள், சில பக்கங்கள், சில்லறைக் காசு. அதை வாங்கியவர் யார் என்பது அச்சிட்டவருக்கு நன்றாகத் தெரியும். படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர். பாட்டு மனதில் ஓடுகிறது, சொல் பிடிபடவில்லை. அந்த ஒரு தேவையைத் தீர்த்ததால்தான் புத்தகம் விற்றது.

கேட்பவரை அறிந்து பாட்டுக் கொடுத்ததற்கு இடுக்கி மலையிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகப் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினார். பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ் பெற்ற இளையராஜாவின் அண்ணன் அவர். மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் மெட்டில் புதுச் சொல்லை வைத்துப் பாடுவது அவர் வழி. அந்தத் தேர்தலில் ரோசம்மா வென்றார். மேடைக்கு முன்னால் நிற்பவருக்கு எந்த மெட்டுத் தெரியும் என்று அறிந்து பாடியது எந்த ஆராய்ச்சிக்கும் குறைந்ததன்று.

கேட்க வேண்டிய முறை

'உனக்கு இசை பிடிக்குமா?' என்று கேட்டால் எல்லோரும் 'பிடிக்கும்' என்பார்கள். 'இசை ஏடு வந்தால் வாங்குவாயா?' என்றாலும் தலையாட்டுவார்கள். இரண்டாலும் பயனில்லை. விருப்பத்தைக் கேட்பதைவிட, நடந்ததைக் கேட்பதே நல்லது. 'கடைசியாக முழுதும் கேட்ட பாட்டு எது? எதில் கேட்டாய்? யாருடைய செல்போன்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? போன வாரம் நீ சொந்தமாகச் செலவழித்த காசு எவ்வளவு? எதற்கு?' இப்படிப் பத்துக் கேள்விகள் போதும். அவற்றையும் முதலில் ஐந்து பேரிடம் கேட்டுப் பார்த்து, புரியாத கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

யாரிடம் கேட்பது என்பது இன்னும் முக்கியம். ஏடு நடத்துகிறவர்கள் தங்கள் நண்பர்களிடம் மட்டும் கேட்டால் தங்கள் ஆசையே திரும்பி வரும். 400 பேர் படிக்கும் பள்ளியானால் வருகைப் பதிவேட்டில் பத்துக்கு ஒரு பெயராக எடுத்தால் 40 பேர் கிடைப்பார்கள். இதில் பஸ்ஸில் வருபவரும் உண்டு, எஸ்டேட் ரோட்டில் நடந்து வருபவரும் உண்டு. பேசுகிறவரும் உண்டு, வாயே திறக்காதவரும் உண்டு. தாளில் பெயர் எழுதச் சொல்லக் கூடாது. பெண்பிள்ளைகளின் விடையைத் தனியாகவும் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே செல்போன், அதுவும் அண்ணன் கையில் என்றால், அந்தப் பெண் கேட்கும் பாட்டு அவள் தேர்ந்தெடுத்த பாட்டு அன்று. அச்சில் வரும் ஏடு அவளுக்குச் செய்யக்கூடிய உதவி அண்ணனுக்குச் செய்வதைவிடப் பெரிது.

எழுத்தறிவைப் பற்றி மட்டும் கேள்வி கேட்க வேண்டாம். 'தமிழ் வாசிக்கத் தெரியுமா?' என்றால் வெட்கத்தில் 'தெரியும்' என்பவர் உண்டு. நான்கு வரியைத் தமிழ் எழுத்திலும் அதே நான்கு வரியை மலையாள எழுத்திலும் அச்சிட்டுக் கொடுத்து, எதை எளிதாக வாசிக்கிறார்கள் என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

எந்த எழுத்து?

ஏலப்பாறை ஏட்டின் தலையெழுத்தே இந்தச் சோதனையில்தான் இருக்கிறது. பலருக்குத் தமிழ் எழுத்துத் தடுமாறுகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? ஏட்டையே மலையாளமாக்கிவிடலாம் என்பது ஒரு கட்சி. அப்படிச் செய்தால் பாட்டியின் பாட்டு மொழிபெயர்ப்பில் செத்துப்போகும். தமிழில் மட்டுமே போடுவோம், வேண்டியவர் கற்றுக்கொள்ளட்டும் என்பது இன்னொரு கட்சி. அப்படிச் செய்தால் எந்தப் பிள்ளைக்கு இந்த ஏடு அதிகம் தேவையோ அந்தப் பிள்ளையே அதைப் புரட்டிவிட்டு வைத்துவிடும்.

நடுவழி ஒன்று உண்டு. பாட்டின் சொல் தமிழாகவே இருக்கட்டும். இடப்பக்கம் தமிழ் எழுத்தில், வலப்பக்கம் அதே தமிழ்ச் சொல் மலையாள எழுத்தில். ழகரமும் றகரமும் மலையாளத்திலும் உண்டு என்பதால் ஒலி அவ்வளவாகக் கெடாது. காதுக்குத் தெரிந்த பாட்டு என்பதால், வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இடப்பக்கத்து எழுத்தைப் பிள்ளை தானே கூட்டிப் படிக்கும். பாட்டு ஏடு அரிச்சுவடியாகவும் ஆகும். தமிழ் எழுத்து அழிந்துவிடுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைவிட நல்ல விடை இல்லை.

உள்ளே என்ன போடுவது?

சினிமாப் பாட்டை அப்படியே அச்சிடலாம் என்று எண்ண வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நிற்கிறது, அனுமதி வேண்டும். பாட்டைப் பற்றி எழுதத் தடையில்லை. அதைவிடச் சுரங்கம் போன்ற பொருள் லயத்திலேயே கிடக்கிறது. கொழுந்து பறிக்கும்போது பாடியவை, தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என்று மூத்தவர்கள் நெஞ்சில் உள்ளவற்றைப் பேரப்பிள்ளைகள் எழுதி எடுக்கலாம். பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் 1958-இல் 'மலையருவி' என்று பதிப்பித்தார். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-இல் வந்தது. ஏலப்பாறை மாணவர் ஒருவர் தம் பாட்டியிடம் கேட்டு எழுதும் பக்கம் அந்த வரிசையில் சேரும். பாடியவர் பெயர், வயது, எந்த எஸ்டேட், எந்த ஊரிலிருந்து வந்த குடும்பம் என்பவற்றை அவர் சம்மதத்துடன் குறிக்க வேண்டும்.

பள்ளிக் கலோத்சவமும் நல்ல பொருள். 1957-இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய அந்த விழாவில், 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்தபோது பளியர் நடனம், மலைப்புலையர் ஆட்டம் உள்ளிட்ட ஐந்து பழங்குடிக் கலைகள் போட்டியாகச் சேர்க்கப்பட்டன. இவ்விரண்டும் இடுக்கி மண்ணுக்குரியவை. பக்கத்து மலையின் ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளே எழுதுவது எவ்வளவு பொருத்தம்!

பெயரும் அமைப்பும்

பெயரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 'லயம்' என்றால் தாளத்தின் ஓட்டம். தோட்டத்தில் லயம் என்றால் வரிசை வீடு. ஒரே சொல்லில் இசையும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. தமிழிலும் மலையாளத்திலும் அதே சொல், அதே இரு பொருள். வெளியூரில் லயம் என்று சொல்லக் கூசுகிற பிள்ளைக்கு அட்டையில் அப்பெயர் பெரிதாக நிற்பது ஒரு தெம்பு.

அட்டையில் ஒரே ஒரு முகம் போதும். கண்கள் வாசகரை நேராகப் பார்க்க வேண்டும். மேலே பெயர், பக்கத்தில் உள்ளே இருப்பவை பற்றி மூன்று அல்லது நான்கு வரி. பிள்ளைகள் படத்தை அச்சிடுமுன் பெற்றோர் சம்மதம் தேவை. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் வருவதால் வரிகளை நெருக்கக் கூடாது. எழுத்து 11 புள்ளியானால் வரிக்கு வரி 15 அல்லது 16 புள்ளி விட்டால் கண்ணுக்கு இதம்.

செலவையும் வாசகரை வைத்தே கணக்கிட வேண்டும். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டபோது வீடுகள் பட்ட பாட்டை ஊர் மறக்கவில்லை. நான்கு ஏ-4 தாளை மடித்து நடுவில் இரண்டு ஊசி குத்தினால் 16 பக்கம் வரும். 100 பிரதிக்கு 400 தாள். வெளித்தாளின் வெளிப்புறத்தை மட்டும் வண்ணத்தில் அச்சிட்டால் முன்னட்டையும் பின்னட்டையும் வண்ணமாகிவிடும். மற்றவை கறுப்பு வெள்ளை. வாங்க முடியாதவருக்காக ஒரு பிரதியைப் பிரித்துப் பள்ளிச் சுவரில் ஒட்டினால் அதுவே சுவரேடு.

ஜூனில் பள்ளி திறந்ததும் கேள்வித்தாள், ஜூலையில் எண்ணிக்கை, ஆகஸ்டில் கையால் வரைந்த மாதிரி ஏடு. அந்த மாதிரியை முதலில் கேட்ட 40 பேரில் சிலரிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள், எதைத் தாண்டுகிறார்கள் என்று பேசாமல் பார்க்க வேண்டும். தாண்டிய பக்கத்தை மாற்றி எழுதிய பின்பே அச்சுக்குப் போகலாம்.

இலங்கை வானொலிக்குத் தபாலட்டை எழுதிப் போட்டு, தங்கள் பெயர் காற்றில் வருமா என்று காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. அவர்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் பெயரைத் தமிழ் எழுத்தில் அச்சில் பார்க்க ஆசைப்படுவதில் வியப்பில்லை. அதற்கு வேண்டியது 40 கேள்வித்தாள்களும், விடையை மதிக்கும் மனமும்தான்.