பல்லின் வேர் மீண்டும் வளருமா?

எட்டு வயதில் கீழே விழுந்து முன்பல்லில் அடிபட்ட சிறாரை அங்கத்தினர் இல்லங்களில் நாம் கண்டிருக்கிறோம். அவ்வயதில் பல்லின் வேர் முற்றியிராது. உள்ளிருக்கும் பற்கூழ் பட்டுப்போனால் வேரின் வளர்ச்சியும் நின்றுவிடும்.

முற்றாத வேருடைய பல்லொன்று சிகிச்சைக்குப்பின் வளர்ந்ததை 2001-ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்டனர். பின்னர் வகுத்த முறையில், கிருமி நீக்கிய வேர்க்குழாயினுள் இரத்தம் ஊறச்செய்து, அது உறைந்ததும் மேலே மூடுகின்றனர்.

வலியும் சீழும் பெரும்பாலும் தீர்கின்றன. வேர் நீள்வதும் தடிப்பதும் உறுதியன்று. மினோசைக்ளின் கலந்த மருந்தினால் பல் கறுப்பதுண்டு. குழாய் சுண்ணமேறி அடைபடுவதுண்டு. கிருமி மீண்டும் புகுவதுமுண்டு.

ஆகவே, வலி தீர்ந்ததென்று வாளாவிராமல், மருத்துவர் குறிக்கும் தவணைதோறும் குழந்தையைக் காட்டுதல் வேண்டும். கடன் தவணை தவறாத நம் அங்கத்தினர் இத்தவணையும் தவறார் என நம்புகிறோம்.